பத்து ரூபாய் பாக்கெட்டும் சில்வர் டப்பாவும்: ஒன்றரை வருடக் கணக்கு

ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுவது இல்லை இது. 2024 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத் தினமும் கொறிக்க ஏதாவது வேண்டும். மகள் அப்போது எட்டாம் வகுப்பு, மகன் நாலு, அப்புறம் நான். வீடு மார்த்தாண்டத்தில், வேலை திருவனந்தபுரத்தில். குழித்துறை ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்தால்தான் பிழைப்பு. இட்லியை அவித்து, சோற்றை வடித்து, மகளுக்குப் பின்னலும் போட்டுவிட்டு நிமிரும்போது கையில் நாலு நிமிடம் இருந்தால் பெரிய விஷயம். அதனால் கடையில் சரம் சரமாகத் தொங்கும் பத்து ரூபாய் சிப்ஸ், மிக்சர் பாக்கெட்டை மொத்தமாக வாங்கி அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டேன். காலையில் மூன்றைக் கிழித்து மூன்று பையில் போட்டால் முடிந்தது.

ஏழு மாதம் இப்படி ஓடியது, வசதியைக் குறை சொல்லவே முடியாது. எங்கள் ஊரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. திறந்து வைத்த எதுவும் அரைநாளில் நமுத்துப் போகும். பாக்கெட் ஒன்றுகூட நமுக்கவில்லை. பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்து "காற்றுக்குக் காசு வாங்குறான்" என்று என் வீட்டுக்காரர் திட்டுவார். உள்ளே இருப்பது நைட்ரஜன், ஆக்சிஜன் பட்டு எண்ணெய் கெடாமல் இருக்க அடைப்பது, அதோடு சிப்ஸ் நொறுங்காமலும் காக்கும். இன்னொரு லாபம், பிள்ளைகளுக்குள் சண்டை இல்லை. யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்று எண்ணிப் பார்க்க முடியாதே.

சரி, காசு? சின்ன பாக்கெட் என்றாலே கொள்ளை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது பாக்கெட்டின் பின்னால் ஒரு கிராமுக்கு என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதைப் படித்ததும் அசந்துபோனேன். நாங்கள் வாங்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ் பத்து ரூபாய்க்கு 22 கிராம், அதாவது கிராமுக்கு 45 பைசா. அதே கம்பெனியின் ஐம்பது ரூபாய் பாக்கெட்டில் கிராமுக்கு 52 பைசா! பெரிதாக வாங்கினால் மலிவு என்ற நம் அம்மா காலத்துக் கணக்கு இந்தச் சாமானில் செல்லவில்லை. பத்து ரூபாய் என்ற விலையைத் தொட்டால் சனம் வாங்காது என்று கம்பெனிக்குத் தெரியும், அதனால் விலையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கிராமைத்தான் கூட்டிக் குறைப்பார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று மிக்சர் வகைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதே, அப்போதும் நான் வாங்கும் மிக்சர் பாக்கெட்டில் விலை பத்துதான், எடைதான் கொஞ்சம் கூடியது.

இவ்வளவு நல்ல பெயர் வாங்கிய பாக்கெட்டை ஏன் நிறுத்தினேன் என்றால், சாக்கு.

ஆரம்பத்திலேயே கவரை வெளியே எறியக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி, 25 கிலோ அரிசிச் சாக்கு ஒன்றை மாடிப்படிக்கு அடியில் கட்டியிருந்தேன். டிசம்பரில் அது பிதுங்கியது. லீவில் மகனும் மகளும் உட்கார்ந்து எண்ணினார்கள், 431. தூக்கிப் பார்த்தால் கையில் கனமே இல்லை. பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் தராசில் வைத்தார், 900 கிராம். ஒரு கவரை எடுத்து உள்பக்க வெள்ளியை நகத்தால் சுரண்டிக் காட்டி, "இது வேண்டாம்கா, பால் கவர் இருந்தா கொண்டு வாங்க" என்றார். பால் கவர் ஒரே ஜாதி பிளாஸ்டிக், உருக்கினால் விலை உண்டு. இது அப்படி இல்லை. வெளியே அச்சடிக்க ஒரு படலம், நடுவில் அலுமினியப் பூச்சு, வாயை ஒட்ட இன்னொரு படலம், எல்லாம் ஒன்றோடு ஒன்று பிடித்துக் கிடக்கும். பிரிக்க ஆகும் செலவுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். மழையையும் காற்றையும் உள்ளே விடாத அதே அடுக்குதான் கடைசியில் அதைத் தீண்டப்படாத குப்பை ஆக்குகிறது.

அக்காவைக் கேரளத்துப் பாறசாலையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், எங்களுக்கு எல்லை தாண்டினால் இருபது நிமிடம். அங்கே ஹரித கர்ம சேனை என்று வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பெண்கள் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு 50 ரூபாய் கட்டணமும் வாங்கிப் போவார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தென்னஞ்சருகோடு சேர்த்துக் கொளுத்துவதுதான் வழக்கம், அந்த நாற்றம் ஈரத் துணியில்கூட ஏறும். அதனால் நைசாகச் சாக்கை அக்கா வீட்டில் தள்ளிவிடலாம் என்று பைக்கில் கட்டி எடுத்துப்போனோம். எப்போது தெரியுமா, கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூரில் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளமே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிப்போன அதே 2024 டிசம்பர். அக்கா வாசலிலேயே மறித்தாள். "எங்க ஆளுவ அங்க கொண்டு தட்டினா பேப்பர்ல வருது, நீ இங்க கொண்டு வாறியா பிள்ளே?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. சாக்கோடு திரும்பினோம்.

ஜனவரியில் பெரிய பாக்கெட் வாங்கிச் சின்ன டப்பாவில் போட்டுக்கொடுத்தேன். குப்பை குறைந்தது உண்மை. ஆனால் விலை கூட, திறந்த மறுநாளே நமுத்துப்போகும், ராத்திரி டிவி முன்னால் பாதி காலியாகிவிடும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மே மாதத்தோடு விட்டுவிட்டேன்.

2025 ஜூனிலிருந்து இப்போது வரை ஓடுவது மூன்றாவது முறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது களியக்காவிளை ரோட்டில் ஒரு சிப்ஸ் கடை. அங்கே ஒரு அக்கா ஏத்தங்காயை, அதாவது நேந்திர வாழைக்காயை, தோலுரித்து, கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே சீவுபலகையைப் பிடித்துச் சரசரவென்று சீவுவார். பாதி வெந்ததும் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி அந்த எண்ணெயிலேயே ஊற்றுவார். சட்டி ஒரு சீறு சீறி நுரைத்து அடங்கும், முதல் தடவை நான் இரண்டடி பின்னால் குதித்தேன். எங்கள் சில்வர் டப்பாவை முதலில் வெறுமனே தராசில் வைத்து, அந்த எடையைக் கழித்துவிட்டு நிரப்பித் தருவார். டப்பா மறந்துபோன அன்று மட்டும் பிளாஸ்டிக் கவர்தான் கிடைக்கும், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் தடை என்று போர்டெல்லாம் இருந்தாலும். சொல்லப்போனால் 2022 ஜூலை 1 அன்று நாடு முழுக்க ஸ்ட்ரா, ஸ்பூன், தட்டு என்று தடை வந்த பட்டியலில் இந்தச் சிப்ஸ் பாக்கெட் இல்லவே இல்லை.

இதில் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் போன நேரத்தில் தேங்காய் எண்ணெய் விலை எகிறி, கிலோ 360-க்கு வாங்கிய ஏத்தங்காய் சிப்ஸ் 480 ஆனது. பாக்கெட்டில் ஒரு வாரத்துக்கு 150 ரூபாய்தான் ஆகும். டப்பாவில் ஆளுக்கு முப்பது கிராம் வைத்தால் அரைக்கிலோ போகும், 240. எண்ணெய் தரமானது, வயிறும் நிறைகிறது, அதனால் எனக்குச் சம்மதம், ஆனாலும் கூடுதல் கூடுதல்தான். பிறகு இரண்டு நாள் மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ், ஒரு நாள் வறுத்த கடலை, ஒரு நாள் மட்டி வாழைப்பழம் என்று மாற்றியதில் 170-க்கு வந்து நின்றது. எங்கள் மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் இருக்கட்டும், தோலை மாட்டுக்குப் போடலாம், எனக்கு அதுதான் பெரிது.

தொந்தரவுகளும் உண்டு. மழை ஓயாத ஒரு ஞாயிறு, வேறு கடையில் வாங்கிய சிப்ஸ் நாலாம் நாளே எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடித்தது. தேதி போட்ட பாக்கெட் என்றால் நம்பர் பார்த்துச் சண்டை போடலாம், டப்பாவை யாரிடம் காட்டுவது? முதல் மாதம் முழு டப்பாவையும் அலமாரியில் வைத்து, புதன்கிழமைக்குள் தீர்த்துவிட்டார்கள். இப்போது ஞாயிறு ராத்திரியே பதினைந்து குட்டி டப்பாவில் பிரித்து மூடிவிடுகிறேன், கம்பெனிக்காரன் செய்கிற அதே வேலைதான், கூலி மட்டும் கிடையாது. மூடிக்குள் ரப்பர் வளையம் உள்ள டப்பாவாக வாங்குங்கள், வெறும் அழுத்து மூடி மழைக்காலத்தில் ஆகாது. மகனுக்கு வகுப்பில் "டப்பா" என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. அதற்காக வெள்ளிக்கிழமை மட்டும் அவனுக்குப் பாக்கெட் வாங்கித் தருகிறேன். ரயில் தாமதமாகும் ராத்திரிகளில் நானும் பிளாட்பாரத்தில் ஒன்று வாங்கிக் கிழிப்பதுண்டு.

பழைய சாக்கு? பரணில்தான் இருந்தது. இந்த மாதிரிக் கவரையும் தார் ரோட்டுக்குச் சேர்க்கலாம் என்று மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் செய்து காட்டி, 2018-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். சிமென்ட் ஆலைச் சூளையிலும் எரிக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவிலிருந்து அதைச் சேர்த்து அங்கே கொண்டுபோக ஆள் வர வேண்டுமே. போன கிறிஸ்துமஸுக்கு மகள் அதைக் கீழே இறக்கி, நாற்பது கவரைக் கழுவி உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டி, குடிலில் ஆறு விட்டாள். சீரியல் பல்பு வெளிச்சத்தில் உண்மையிலேயே தண்ணீர் ஓடுவது போலத்தான் இருந்தது. ஜனவரி 6 அன்று குடிலைப் பிரித்தோம். வைக்கோல் பக்கத்து வீட்டு மாட்டுக்கு, மண் முருங்கை மூட்டுக்கு. ஆற்றைச் சுருட்டி மறுபடி சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றியாயிற்று.