"பர்ன்-இன் ஆகட்டும் சார்" என்று ஆம்ப் விற்கும் கடையில் கவனம்

நாகர்கோவிலில் ஹெட்ஃபோன் ஆம்ப் (ஹெட்ஃபோனுக்குப் போகிற ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி) வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. விற்கிற முறையைச் சொன்னாலே போதும், உள்ளே போனதும் உங்களுக்கே புரிந்துவிடும்.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோன். 2003-இல் வந்த மாடல், இம்பிடன்ஸ் (மின்தடை) 300 ஓம். எங்கள் ஊர்க் கோவில் கொடையில் பதிவு செய்து வைத்த வில்லுப்பாட்டைத்தான் அதில் அதிகம் கேட்பேன். உடுக்கையும் ஜால்ராவும் அருமையாக இருக்கும். குடம் மட்டும் எனக்குப் போதாது. பந்தலில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், குடத்தின் வாயில் விழுகிற ஒவ்வொரு அடியும் அடிவயிறு வரைக்கும் இறங்கும். ஹெட்ஃபோனில் ‘தொப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதையும், போனில் செருகும் சின்ன அடாப்டரான டாங்கிளில்தான் கேட்கிறேன் என்பதையும் கடைக்காரரிடம் சொன்னேன். "300 ஓம் சார், டாங்கிள்ல போட்டா ஹெட்ஃபோனுக்குப் பட்டினிதான்" என்றவர், வால்வு (பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி ஒளிரும் கண்ணாடிக் குழாய்) வைத்த ஆம்ப் ஒன்றை எடுத்து வைத்தார். ரூ.42,000.

டெமோவைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏமாற்று வேலை முழுக்க அங்கேதான். முதலில் ஒரு சின்ன ஆம்ப்பில், சாதாரண ஜாக்கில் என் பதிவைப் போட்டார். அப்புறம் ஹெட்ஃபோனின் வயரைக் கழற்றிவிட்டு, நாலு பின் வைத்த பேலன்ஸ்டு வயரை (இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி ஜோடிக் கம்பி) மாட்டிப் பெரிய ஆம்ப்பில் அதே பதிவு. "ரெண்டு குமிழும் பன்னிரண்டு மணியில நிக்கி, பாத்துக்கிடுங்க" என்று விரலால் தொட்டும் காட்டினார். குடம் எழுந்து வந்தது. நிஜமாகவே வந்தது, அதை மறுக்கவில்லை.

குமிழ் ஒரே இடத்தில் நின்றால் சத்தமும் ஒரே அளவு என்று அர்த்தம் இல்லை. பேலன்ஸ்டு வழியில் பெரும்பாலான ஆம்ப்கள் இரண்டு மடங்கு வோல்டேஜ் தரும். அதாவது 6 டெசிபல் கூடுதல். அதோடு ஒவ்வொரு ஆம்ப்புக்கும் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, வேறு. சத்தம் கூடும்போது பேஸ் (கனத்த அடிச்சத்தம்) நம் காதுக்கு மற்றதைவிட வேகமாகக் கூடும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து போட்ட விஷயம் இது. கொஞ்சம்தான் கூட்டினார்கள் என்றால் சத்தம் கூடியதாகவே தோன்றாது, ‘தெளிவாக இருக்கிறது, ஆழமாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். ஆம்ப் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. வயருக்குத் தனியாக ரூ.6,000 வேறு.

வீட்டில் வழக்கமான சத்தத்தில் கேட்டால் மறுபடியும் அதே ‘தொப்’. போன் பண்ணினேன். "200 மணி நேரம் பர்ன்-இன் ஆகணும் சார், வால்வு பழகட்டும்." பர்ன்-இன் என்றால், புதுக் கருவியை நிறைய நேரம் ஓடவிட்டால் ஒலி நன்றாகிவிடும் என்கிற பேச்சு. ஒரு வாரத்துக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தரலாம் என்று வாயால் சொல்லியிருந்தார். 200 மணி நேரம் என்பது இரவும் பகலும் ஓடவிட்டாலே எட்டு நாளைத் தாண்டும். கணக்கு புரிகிறதா? அப்புறம் போனபோது பேச்சு மாறிவிட்டது: "இதெல்லாம் அவரவர் ரசனை சார். உங்க காதுக்கு இது செட் ஆகல, நாங்க என்ன செய்ய முடியும்?"

தக்கலைப் பக்கம் மைக் செட் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டு போனேன். அவர் 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் ஜாக்கில் வைத்து, டாங்கிளிலும் ஆம்ப்பிலும் ஒரே வோல்ட் வரும்படி குமிழைத் திருப்பினார். என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு வயரை மாற்றி மாற்றிப் போட்டார். எது எதென்று என்னால் சொல்ல முடியவில்லை. அவராலும் முடியவில்லை. "சத்தத்தக் கூட்டிக் காட்டிருக்கான் மக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்றார். அதோடு விடாமல், ஆம்ப்பை அணைத்து, வால்வு ஆறினதும் அதைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை மட்டும் மறுபடி ஆன் செய்தார். வால்வு இல்லாத குழியிலும் அதே ஆரஞ்சு வெளிச்சம். அடியில் எல்இடி!

பட்டினிக் கதையும் பொய்தான். எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் என்று சென்ஹைசரே போட்டிருக்கிறார்கள். 300 ஓமுக்கு அது வெறும் 3.3 மில்லிவாட். என் டாங்கிளே அந்த 1 வோல்ட்டைத் தரும். ஆம்ப் கட்டாயம் வேண்டிய ஹெட்ஃபோன்கள் உண்டு. ஹைஃபைமேன் எச்இ-6, மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். அதே சத்தத்துக்கு எச்டி 650-ஐப் போல 25 மடங்குக்கு மேல் பவர் கேட்கும். அதேபோல அவுட்புட் இம்பிடன்ஸ் (ஆம்ப்பின் வெளிவாயில் உள்ள மின்தடை) அதிகமுள்ள நிஜமான வால்வு ஆம்ப், எச்டி 650-இன் பேஸை ஒரு டெசிபல் அளவுக்கு ஏற்றும், ஏனென்றால் 80–100 ஹெர்ட்ஸ் பக்கம் அந்த ஹெட்ஃபோனின் இம்பிடன்ஸ் 500 ஓம் வரை போகும். அது பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தப்பே இல்லை. எனக்கு விற்றது அந்த ரகமும் இல்லை.

ரசனை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவ் குழுவினர் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்துக்காக நிறையப் பேரைக் கேட்கவைத்துச் செய்த ஆய்விலும், பெரும்பான்மைக்கு ஒரு வளைவு (பேஸ் முதல் கீச்சொலி வரை எது எவ்வளவு என்று காட்டும் கோடு) பிடித்தாலும், இன்னும் பேஸ் வேண்டும் என்று ஒரு கூட்டம், குறைக்கச் சொல்லி ஒரு கூட்டம் இருக்கத்தான் செய்தது. நான் முதல் கூட்டம். எச்டி 650-இல் அடிமட்ட பேஸ் இயல்பாகவே சரியும், எந்த ஆம்ப்பும் அதை நிமிர்த்தாது. போனில் இலவச இக்வலைசர் (பேஸ் முதல் கீச்சொலி வரை தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஆப்) போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 டெசிபல் ஏற்றினேன். குடம் வந்துவிட்டது. என் ரசனைக்கு ஆன செலவு பூஜ்யம். ஆனால் சத்தத்தைச் சமமாக்காமல் காட்டிவிட்டு, பிறகு ரசனை என்று கைகழுவுவதை எப்படி ஏற்பது?

அடுத்தது பில். எனக்குக் கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை, எம்ஆர்பியும் இல்லை. பாக்கெட் பொருளுக்கு இரண்டும் சட்டப்படி இருந்தாக வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். அதற்கப்புறம்தான் கடையிலிருந்து போன் வந்தது, வேறு ஆம்ப் மாற்றித் தருகிறார்களாம். பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வரவில்லையென்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம்தான். ரூ.5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம்.

ஆம்ப்பைப் பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறேன், விற்பீர்களா என்று யாரும் கேட்க வேண்டாம். குமரி மாவட்டத்தில் இதேபோல எஸ்டிமேட் சீட்டோடு நிற்கிறவர்கள் இருந்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.