டிராக் டே பைக்கில் எண்: டேப்பா, வினைல் ஸ்டிக்கரா?

சொந்த பைக்கைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேயில் எண் என்பது அலங்காரம் அன்று; எண்ணெய் கசியும் பைக்கை வளைவில் நிற்கும் மார்ஷல் (தடக் கண்காணிப்பாளர்) கண்டதும் அந்த எண்ணைத்தான் ரேடியோவில் சொல்கிறார், அதை வைத்தே கறுப்புக் கொடி காட்டி ஓட்டுபவரை வெளியே அழைக்கிறார்கள். டேப்பைக் கிழித்து எண் அமைப்பது எளிது. மாலையில் பெயின்ட் கெடாமல் உரித்துவிடலாம் என்பதால், சாலையிலும் ஓடும் வண்டிக்கு அது வசதிதான். ஆனால் வேகக் காற்றில் அதன் ஓரம் மெல்லக் கிளம்பும். நான் ஒட்டிய 8, இடப்பக்கத் துண்டுகள் இரண்டும் பறந்துபோய், மூன்றாம் சுற்றுக்குள் 3 ஆகிவிட்டது. பைக்கின் வெளி உறையான ஃபேரிங்கை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டிய வினைல் எண்ணோ மழையிலும் நிலைக்கும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக இருந்தால் தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரியும். எப்போதாவது போகிறவருக்கு டேப் போதும். அடிக்கடி போகிறவர் வினைலையே ஒட்ட வேண்டும் என்பேன். தவறாகப் படிக்கப்பட்ட எண் வேறொருவரை வெளியே அழைத்து, எண்ணெய் சிந்தும் வண்டியைத் தடத்திலேயே விட்டுவிடும்.