‘போர்டு போய்விட்டது’ என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

பழைய கிளா இயந்திரமோ டிக்கெட் தரும் விளையாட்டு இயந்திரமோ ‘முழுமையாகப் புதுப்பித்தது’ என்ற பெயரில் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கி இறங்கிப் பொம்மையை அள்ளுமே, அந்த இயந்திரத்தில் இரண்டும், எடுத்த புள்ளிக்கு ஏற்ப டிக்கெட் தரும் பந்து விளையாட்டில் ஒன்றும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினோம். விற்பவரே பழுதும் பார்ப்பார் என்பதுதான் அவர் சொன்ன பெரிய வசதி. வினையே அந்த வசதியில்தான் இருந்தது. விற்கும்போது ஒரு முறையும் பழுது பார்க்கும்போது மறுமுறையுமாக ஒரே ஆள் எங்களை இரண்டு தடவை ஏமாற்றினார்.

வந்திறங்கியபோது இயந்திரங்கள் கண்ணைப் பறித்தன. புதிய எல்இடி விளக்குகள், புதிய ஸ்டிக்கர்கள், கீறல் நீக்கிய கண்ணாடி. அவர் புதுப்பித்தது அவ்வளவுதான். உள்ளே கொக்கியைச் சுமந்துகொண்டு ஓடும் வண்டியின் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கறுப்பாக இறுகிக் கிடந்தது. கொக்கியைத் தூக்கி இறக்கும் கயிறு ஓரிடத்தில் அறுந்து, முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அந்த முடிச்சு உருளையில் ஏறும்போதெல்லாம் கொக்கி ஒரு குலுங்கு குலுங்கும். வாடிக்கையாளர் பார்க்கிற இடமெல்லாம் பளபளப்பு, அசைகிற இடமெல்லாம் பழசு.

சில நாட்களிலேயே பெரிய சிக்கல் தலைகாட்டியது. கொக்கி பொம்மையை ஒழுங்காகப் பிடிக்கும், உயரத் தூக்கும், குறுக்கே கொண்டுவரும். பரிசு விழும் குழியை நெருங்கியதும் விரல்கள் தளர்ந்துவிடும். குழிக்கு ஒரு சாண் தள்ளிப் பொம்மை விழும். இந்தத் தொழிலில் இதைவிட மோசமான கோளாறு கிடையாது. இயந்திரம் கெட்டிருக்கிறது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மா, “குழந்தையிடமுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். காசைத் திருப்பிக் கொடுத்தபோதும் வாங்கவில்லை.

விற்பனையாளர் அனுப்பிய மெக்கானிக் கொக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்தார், டார்ச் அடித்தார், “சார், போர்டு போய்விட்டது. இங்கே வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எடுத்துக்கொண்டு போனால்தான் பார்க்க முடியும்” என்றார். இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகையைத்தான் போர்டு என்கிறார்கள். மீட்டரை எடுத்து அளந்தாரா என்றால் இல்லை. சோதனை முறையில் ஓட்டிப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. ரசீது கேட்டதற்கு, “நமக்குள் என்ன சார் ரசீது?” என்று சிரித்தார். கணக்கு வழக்கைப் பார்க்கும் என் அண்ணி விடவில்லை. ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொண்டுதான் போர்டைக் கொடுத்தார். அதோடு, எந்த வயர் எங்கே செருகியிருந்தது என்று பின்னால் தெரியவேண்டுமே என்பதற்காக, கழற்றும் முன்பே போர்டைக் கைபேசியில் படமும் எடுத்து வைத்திருந்தார்.

பெரும் தொகையை வாங்கிக்கொண்டு போர்டைத் திருப்பித் தந்தபோது அந்தப் படம்தான் குட்டை உடைத்தது. படத்தில் பெரிய சிப்பின்மேல் நீல மையில் எண் எழுதிய வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. வந்த போர்டில் காகிதத்தைக் கிழித்த பசைத் தடம் மட்டுமே இருந்தது. படத்தில் கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகள், எல்லாமே கறுப்பு. வந்ததில் இரண்டு பச்சை, அவற்றில் ஒன்றின் தலை உப்பியிருந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலை உப்பிவிட்டால் அதன் கதை முடிந்தது என்பது மின்னணு வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் நல்ல போர்டை எடுத்துக்கொண்டு, யாரோ கழித்துப்போட்டதை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. குழியை நெருங்கினால் பொம்மை விழுந்தது.

இந்தத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் போர்டின் பக்கம் போகவே இல்லை. கொக்கியின் தலையில், காந்த வலுவால் விரல்களை மூடிப் பிடிக்கும் செம்புக் கம்பிச் சுருள்தான் காயில். அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரைப் பொருத்தினார். கொக்கியை மூடிய நிலையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கையால் மெல்லத் தள்ளினார். நடுவில் இருக்கும்போது 24 வோல்ட்டை ஒட்டி நின்ற எண், குழி இருக்கும் மூலையை நோக்கிப் போகப் போக 20, 17 என்று இறங்கி, கடைசியில் 11இல் வந்து நின்றது. “தம்பி, இதைப் பிடித்துப் பாருங்கள்” என்று வண்டியோடு சேர்ந்து வளையும் வயர்க்கட்டை என் கையில் கொடுத்தார். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் விறைப்பே இல்லாமல் தொளதொளவென்று மடிந்தது. உள்ளே செம்பு இழைகள் பெரும்பாலும் அறுந்திருந்தன. வண்டி அந்த மூலைக்குப் போகும்போது வயர் அதிகமாக மடங்குவதும் அதே இடத்தில்தான். மிஞ்சிய ஓரிரு இழைகளால் போதுமான மின்னோட்டத்தைக் கொண்டுபோக முடியவில்லை. காந்த வலு குறைந்தது, விரல் திறந்தது.

இந்தச் சோதனையைக் காயிலில் மின்சாரம் ஓடும்போது செய்யவேண்டும் என்றார் அவர். காயில் வேலை செய்யாத நேரத்தில் அளந்தால், ஓர் இழை மிச்சமிருக்கிற வயரும் நல்ல வயராகவே தெரியும். ஒரு முழம் வயரை மாற்றினார். அன்றே சரியாகிவிட்டது.

எல்லாத் தளர்ச்சிக்கும் வயர்தான் காரணம் என்று சொல்லவில்லை. காலையில் நன்றாகப் பிடித்துவிட்டு மாலையில் சோர்ந்துபோகும் கொக்கியும் உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கும் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். காயில் 50 டிகிரி சூடேறினால் மின்னோட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். இதற்குக் காற்றோட்டமும் சரியான வோல்ட் அமைப்பும் வேண்டும். இதற்கும் போர்டு மாற்றத் தேவையில்லை.

காயில் என்றதும் அவர்கள் தந்த பில் நினைவுக்கு வருகிறது. ‘கிளா காயில் மாற்றம் – 2’ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் இரண்டாவது இயந்திரம் இரண்டு கைகள் உள்ள வகை. 1985இல் சேகா நிறுவனம் கொண்டுவந்த யுஎஃப்ஓ கேச்சர் என்ற கிளா இயந்திரத்தின் வழிவந்தது. அதன் கைகளை மோட்டார் திறந்து மூடுகிறது, பிடிப்பைத் தருவது ஸ்பிரிங். அதில் காயிலே கிடையாது. பெரியவர் பில்லைப் பார்த்துவிட்டு இயந்திரத்தைப் பார்த்தார். இல்லாத காயிலை எங்கே கழற்றி எங்கே மாட்டினார்கள் என்று அவருக்கும் விளங்கவில்லை.

டிக்கெட் இயந்திரத்திலும் இதே கதைதான். டிக்கெட் வெளியே வருவதை எண்ணுவதற்கு, டிக்கெட்டை வெளியே தள்ளும் பாகமான டிஸ்பென்சருக்குள் ஓர் ஒளி சென்சார் இருக்கிறது. டிக்கெட்டின் ஓரத்தில் இருக்கும் வெட்டு அதைக் கடக்கும்போது ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். காகிதத் தூசி அடைத்துக்கொண்டால் எண்ணிக்கை தவறும். டிக்கெட் வராமல் நிற்கும், அல்லது வந்துகொண்டே இருக்கும். மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும். இதற்கு ‘புதிய டிஸ்பென்சர்’ என்று பில் போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் அதே பழைய டிஸ்பென்சர், அதே தூசி.

பணம் போனதை ஒரு பக்கம் வைத்துவிடலாம். அடுத்து வருவதை மன்னிக்கமுடியாது. 5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்த ஃபியூஸ் இடத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. முன்பு அடிக்கடி ஃபியூஸ் போயிருக்கும். காரணத்தைத் தேடாமல் பெரியதாக மாட்டிவிட்டார்கள். இயந்திரத்தின் உலோக உடம்போடு இணைந்திருக்கவேண்டிய எர்த் வயர், டேப் சுற்றி ஓரமாக மடக்கி வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் நாள் முழுக்கக் கை வைக்கிற இயந்திரம் அது. உள்ளே எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவரா ஒரு மெக்கானிக்?

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். எத்தனை ஆட்டத்துக்கு ஒரு முறை கொக்கிக்கு முழு வலு தருவது, மற்ற ஆட்டங்களில் எவ்வளவு குறைப்பது என்பதை இத்தகைய போர்டுகள் பலவற்றில் அமைக்க முடியும். இது ரகசியமல்ல, இயந்திரத்தோடு வரும் கையேட்டிலேயே இருக்கும். பல நாடுகளில் இதற்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. அவர்கள் கொடுத்த மாற்றுப் போர்டில், யார் ஆடினாலும் ஏறக்குறைய எதுவுமே கிடைக்காத அளவுக்கு அது இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. விழுந்த பரிசுகளை எண்ணும் எண்ணியின் வயரும் பிடுங்கப்பட்டிருந்தது. காசு எண்ணியையும் பரிசு எண்ணியையும் ஒப்பிட்டால்தான் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும். அது முடியாதபடி செய்திருந்தார்கள். எங்களுக்கே தெரியாமல் எங்கள் பெயரில் ஒரு மோசடி நடந்துகொண்டிருந்தது.

கேட்டபோது விற்பனையாளர் முதலில் மழுப்பினார். “மெஷின் என்றால் அப்படித்தான் இருக்கும்” என்றார். பிறகு, மின்னணுப் பாகங்களுக்கு வாரண்டி கிடையாது என்றார். விற்கும்போது இந்தப் பேச்சே எழவில்லை. போர்டைப் பற்றிக் கேட்டதும் அது குப்பைக்குப் போய்விட்டது என்று கையை விரித்தார். படத்தை அனுப்பிய பிறகு எங்கள் அழைப்பை எடுப்பதே இல்லை.

இப்படிப்பட்டவரிடம் சரக்கு பார்க்கப் போனால், விளக்கைப் பார்க்காமல் பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். வண்டியைக் கையால் நான்கு மூலைக்கும் தள்ளிப் பாருங்கள். எங்கேயாவது இடறினால் ஏன் என்று கேளுங்கள். கயிற்றை முழுவதும் இறக்கிப் பாருங்கள், முடிச்சு அதில்தான் ஒளிந்திருக்கும். கொஞ்ச நேரமாவது தொடர்ந்து ஓடவிட்டு, சூடான பிறகு பிடிப்பைச் சோதியுங்கள். இரண்டு எண்ணிகளும் ஏறுகின்றனவா, ஃபியூஸ் மதிப்பும் அச்சிட்ட எண்ணும் ஒன்றா, எர்த் வயர் உடம்பைத் தொடுகிறதா என்று பார்க்க மீட்டர் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். எந்தப் போர்டும் படம் எடுக்காமல் வெளியே போகக்கூடாது. மாற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். அண்ணி எடுத்த படம், துண்டுச் சீட்டு, இரண்டு காயில் பில், பெரியவர் எழுதிக்கொடுத்த அறிக்கை எல்லாம் அதில் இணைத்திருக்கிறோம். அந்த ஆள் இப்போதும் ‘முழுமையாகப் புதுப்பித்தது’ என்றுதான் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார்.