எவர்சில்வரா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? மும்பை மழைக்கு எந்த டப்பா தாங்கும்?

செம்பூரில் எங்கள் அடுப்படி ஆறடிக்கு எட்டடி. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை சுவரில்கூட ஓதம் ஏறும். கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் சம்படங்கள் பதினெட்டு இருக்கின்றன. நாத்தனார் கண்ணாடிக் கட்சி, மேல் மாடிக்காரர்கள் பிளாஸ்டிக் கட்சி. வாய்ச்சண்டை போதும் என்று போன ஜூலையில் ஒரு கட்டு அப்பளத்தை மூன்றாகப் பிரித்து மூன்றிலும் போட்டு வைத்தேன்.

நாலாம் நாளே சம்படத்து அப்பளம் நமுத்து, வெற்றிலை மாதிரி மடிந்தது. ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் வைத்த கண்ணாடி ஜாடியிலும், நாலு பக்கமும் பூட்டுகிற பிளாஸ்டிக் டப்பாவிலும் பத்து நாள் கழித்தும் படக்கென்று உடைந்தது. கண்ணாடி ஜெயித்தது என்று நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் வளையம் இல்லாத பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அதுவும் நமுத்தது. டப்பா எதனால் செய்தது என்பதைவிட மூடி எப்படி மூடுகிறது என்பதுதான் இங்கே விஷயம். நம் சம்படங்களின் மூடி வெறுமனே உட்காருகிறது. திருநெல்வேலி வெயிலுக்கு அது போதும், செம்பூர் ஜூலைக்குப் போதாது.

அதற்காக எவர்சில்வரை ஓரங்கட்ட மாட்டேன். வாடை பிடிக்காது, கீழே விழுந்தால் நெளியும், உடையாது, வெளிச்சத்தை உள்ளே விடாது. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மாட்டுங்காவில் அரைத்து வாங்குகிற காபிப்பொடி மூன்றுக்கும் வெளிச்சம் எதிரி. கண்ணாடியில் போட்டு ஜன்னல் பக்கம் வைத்த மிளகாய்த்தூள் இரண்டே மாதத்தில் வெளுத்துப்போனது. காபிப்பொடிக்கு மட்டும் ரப்பர் வளையம் வைத்த எவர்சில்வர் டப்பா ஒன்று தனியாக வாங்கினேன்.

உப்பை மட்டும் எவர்சில்வரில் போடாதீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீர் விடும். ஜூலையில் இங்கே பெரும்பாலும் அதற்கு மேல்தான். அந்த உப்புத்தண்ணீர் எவர்சில்வரையும் அரிக்கும். எங்கள் உப்புச் சம்படத்தைக் காலி செய்தபோது அடியில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள். விரலால் தடவினால் குழி தட்டுப்பட்டது. உப்பு, புளி, ஊறுகாய் மூன்றும் பீங்கான் ஜாடிக்கோ கண்ணாடிக்கோ போக வேண்டியவை.

இன்னொன்று, கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக்காட்டி "ஒட்டலை பாருங்க, அசல் சரக்கு" என்பார். எவர்சில்வரில் உசத்தியான 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, துருவுக்குத் தாங்குவதும் குறைவு. இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. அடியில் 304 என்று அச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியின் பெரிய சௌகரியம், திறக்காமலே துவரம்பருப்பு தீர்ந்தது தெரியும். ஆனால் கனம். மேல் தட்டில் வைத்தால் எடுக்கும்போதெல்லாம் பயம், கீழே டைல்ஸ் தரை வேறு. சேமித்து வைக்க மட்டும் என்றால் விலை கூடிய போரோசிலிகேட் கண்ணாடி தேவையில்லை. அது சூடு தாங்கத்தான்.

பிளாஸ்டிக்கை நான் திட்டிக்கொண்டேதான் வாங்குகிறேன். பெருங்காயம் வைத்த டப்பாவை என்ன கழுவினாலும் வாடை போகாது, மஞ்சள் கறையும் போகாது. சூடாக எதையும் கொட்டக் கூடாது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் பாலிபுரோப்பிலீன், அதைத்தான் எடுப்பேன். ஆனால் சதுரமாகக் கிடைக்கிறதே! வட்ட டப்பா தன்னைச் சுற்றிய சதுரத்தில் 78 சதவீத இடத்தைத்தான் நிரப்பும். மீதி மூலைகளில் காற்று. ஆறடி அடுப்படியில் ஐந்தில் ஒரு பங்கு தட்டு வீண். அதனால் அவல், ரவை, வடகம் எல்லாம் சதுர பிளாஸ்டிக்கில்.

வண்டு விஷயத்தில் மூன்று கட்சியும் தோற்கும். அரிசி வண்டு மணிக்குள்ளேயே துளைபோட்டு முட்டையிட்டு அடைத்துவிடும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் பயனில்லை, அது பெரும்பாலும் கடையிலிருந்தே வருகிறது. பொட்டலத்தை நாலு நாள் ஃப்ரீஸரில் வைத்தால் செத்துவிடும். எங்கள் ஃப்ரீஸரில் இடமில்லை. தெருமுனை மளிகைக்காரர் போன் செய்தால் அரை மணியில் ஆள் அனுப்புகிறார், அதனால் மழைக்காலத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் வாங்குவதில்லை. ரவையை வறுத்துத்தான் டப்பாவில் போடுகிறேன்.

பதினெட்டில் ஏழு சம்படம் இப்போது பரணில். அம்மா தீபாவளிக்கு வருகிறாள். அதற்குள் இறக்கித் துடைத்து, பெயர் பொறித்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி வைக்க வேண்டும்.