பால்ஸ்கிராஃப் வழக்கு: ஓர் ஒலிப்பாடத்தைக் கேட்டபின்

ஒருவர் செயலால் பிறருக்கு நேரும் தீங்குக்கு இழப்பீடு கோருவதைப் பற்றிய தீங்கியல் சட்டத்தை முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஓர் ஒலிப்பாடத் தொடரில், 1928ஆம் ஆண்டின் பால்ஸ்கிராஃப் எதிர் லாங் ஐலண்ட் ரயில்ரோடு தீர்ப்புக்கென்றே அமைந்த பாடத்தை இரண்டு முறை கேட்டேன். முற்பாதிக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிற்பாதி திருத்தப்பட வேண்டும்.

ஆசிரியர் கோட்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு நேராக நியூயார்க் நடைமேடைக்கு அழைத்துச் செல்கிறார். 1924 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. ராக்கவே கடற்கரைக்குச் செல்ல பால்ஸ்கிராஃப் என்ற தாய் தம் மகள்கள் இருவருடன் காத்திருக்கிறார். நகரத் தொடங்கிவிட்ட வேறொரு ரயிலில் ஒருவர் ஓடிவந்து தொற்றிக்கொள்ள, பெட்டியில் நின்ற ஊழியர் கைநீட்டி இழுக்கிறார்; நடைமேடையில் நின்ற ஊழியர் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார். ஓடிவந்தவர் கையிலிருந்த, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் தண்டவாளத்தில் விழுந்து வெடிக்கிறது. உள்ளே இருந்தது பட்டாசு. தள்ளி நின்ற எடை இயந்திரம் சாய்ந்து அந்தத் தாயைத் தாக்குகிறது. அதன்பின் அவருக்குப் பேச்சு திக்கத் தொடங்கியதையும், ரயில் நிறுவனத்தின் மீது அவர் தொடுத்த வழக்கில் ஜூரி (பொதுமக்களிலிருந்து அமைந்த நடுவர் குழு) 6,000 டாலர் இழப்பீடு அளித்ததையும் பாடம் விடாமல் சொல்கிறது. மேல்முறையீட்டில் அந்த இழப்பீட்டை ரத்து செய்த பெரும்பான்மைக்காக நீதிபதி கார்டோசோ எழுதிய தீர்ப்புரையில் காயத்தின் விவரமும் இல்லை, மகள்களும் இல்லை என்பதால் இதைப் பெரிய சேவையாகவே கருதுகிறேன்.

ஊழியரின் செயல் பொட்டலக்காரருக்கு எதிரான தவறாக இருக்கலாமே தவிர, தொலைவில் நின்றவருக்கு எதிரானதாகாது என்கிறார் கார்டோசோ. முன்னுணரக்கூடிய ஆபத்து எதுவரையோ அதுவரையே கடமை என்ற அவரது வாதமும் தெளிவாக விளக்கப்படுகிறது.

குறை இதற்குப் பிறகுதான். நான்குக்கு மூன்று என்ற கணக்கில் முடிந்த வழக்கில், நீதிபதி ஆண்ட்ரூஸின் மாறுபட்ட தீர்ப்புரைக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. கவனமாக நடக்கும் கடமை ஒவ்வொருவருக்கும் உலகத்தார் அனைவர்பாலும் உண்டு, பொறுப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காரணத் தொடர்பின் நெருக்கத்தைக் கொண்டு நடைமுறை நோக்கில் தீர்மானிக்க வேண்டும் என்று அவர் எழுதியது, ஜூரியின் கையிலிருந்து இந்தக் கேள்வியைப் பறிக்கலாமா என்ற பெரிய விவாதத்தின் வாசல்; அதைத் திறக்காமலே பாடம் நகர்ந்துவிடுகிறது.

கேட்பவர்கள் தீர்ப்பின் மூலத்தையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நீதிமன்றங்களின் செலவுத்தொகையோடும் வழக்கைத் தள்ளுபடி செய்யும் அதன் முடிவு வரி, அந்தத் தாய் இழப்பீட்டை இழந்ததோடு நிற்கவில்லை, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் அவர்மீது விழுந்தது என்பதைக் காட்டுகிறது. பாடத்தில் அந்த வரி வாசிக்கப்படவே இல்லை.