டைப்பிங் போச்சு, ஒப்புநோக்கல் வந்தாச்சு: ஓசிஆரோடும் ஏஐயோடும் ஒன்பது வருடம்

மதுரையில் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். 2009இல் தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு என்று எல்லாம் வரும். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது புத்தக வேலைதான். பழைய புத்தகத்தை மறுபதிப்புக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அடித்து, மெய்ப்பு பார்த்து, பக்கம் அமைத்துக் கொடுப்போம். அப்போது மூன்று பெண்கள் டைப் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு டெம்மி அளவில் 25 பக்கம் அடித்தால் அது நல்ல நாள்.

இப்போது டைப் செய்ய யாரும் இல்லை. நானும் என் சித்தப்பாவும் மட்டும். இந்த மாற்றம் எப்படி நடந்தது, என்ன கிடைத்தது, என்ன போனது என்று ஒன்பது வருடம் பயன்படுத்திய அனுபவத்தில் எழுதுகிறேன். செயலிகளைப் பெயர் சொல்லித் தரம் பிரிக்கப் போவதில்லை. இன்று ஒன்று நன்றாக இருக்கும், மூன்று மாதத்தில் இன்னொன்று அதை முந்திவிடும். வேலை எப்படி மாறியது என்பதுதான் நிலைத்த விஷயம்.

கூகுள் டிரைவில் தமிழ் உட்பட 200க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு ஓசிஆர் வசதி, அதாவது படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்கும் வசதி, 2015இல் வந்தது. எனக்கு அது தெரியவந்தது அடுத்த வருடம். ஒரு பதிப்பாளர் சொல்லித்தான் முயன்றேன். ஸ்கேன் செய்த பக்கத்தை ஏற்றி, டாக்ஸில் திறந்தால், படத்துக்குக் கீழே எழுத்தாக வந்து நிற்கிறது. அன்று மூன்று பெண்களும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "அக்கா, அப்ப நாங்க என்ன செய்யறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "திருத்தணும்ல, அதுக்கு ஆள் வேணும்ல" என்றேன். அது முழுக்க உண்மையாக இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒருத்தி இ-சேவை மையத்துக்குப் போனாள், ஒருத்தி ஜவுளிக்கடையில் பில் போடப் போனாள். கேட்டவள்தான் கடைசி வரை இருந்தாள். 2020 ஊரடங்கில் வேலை நின்றபோது அவளும் போய்விட்டாள்.

ஓசிஆரின் முதல் சில வருடங்களை இப்போது நினைத்தால் ஒன்று புரிகிறது. அது செய்த பிழைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பிழைகள். தமிழ் எழுத்தில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்கு அதுதான் கற்றுக்கொடுத்தது. ‘ர’வும் துணைக்காலும் அச்சில் ஒரே மாதிரி இருக்கும், ‘வா’ என்பதை ‘வர’ என்று படிக்கும். ‘கௌரவம்’ என்பதற்கு ‘கெளரவம்’ என்று, ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகப் போட்டுவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பின்னால் யாராவது அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. மை மங்கின இடத்தில் புள்ளி காணாமல் போகும். ‘பத்து’ ‘பதது’ ஆகும். தமிழ் எண்கள் வந்தால் இன்னும் பாவம். ௧ என்பதைக் ‘க’ என்றும் ௭ என்பதை ‘எ’ என்றும் எடுத்துக்கொண்டு, பக்க எண்ணையே ஒரு சொல்லாக்கி அடுத்த வரியோடு ஒட்டிவிடும்.

பெரிய தலைவலி பழைய எழுத்துத்தான். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகள் இப்போதைய வடிவத்துக்கு வந்தன. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் இதைத் தொடங்கிவிட்டார் என்றாலும், பொதுவான புத்தகங்களில் பழைய வடிவம்தான் ஓடிக்கொண்டிருந்தது. யானைத் துதிக்கை போலச் சுருண்டு மேலே ஏறும் அந்த ‘லை’யைப் பார்த்தால் ஓசிஆர் திணறும். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக ஏதாவது போடும். அப்புறம் வரி முடிவு. தமிழ்ப் புத்தகங்களில் ஒரு சொல் வரி இறுதியில் உடைந்தால் இணைப்புக்கோடு போடும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. ‘வந்தி’ மேலே, ‘ருந்தான்’ கீழே. இயந்திரத்துக்கு அது ஒரு சொல்லா, இரண்டா என்று தெரியாது. 200 பக்கப் புத்தகத்தில் இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் வரும். ஒட்டிக்கொண்டே இருப்போம்.

இங்கேதான் சித்தப்பா வந்தார். அவர் லெட்டர்பிரஸ் காலத்துக் கம்போசிட்டர். இருபது வருடத்துக்கு மேல் கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைப் பிடித்து ஈய எழுத்தைக் கோத்தவர். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் மாறித்தான் இருக்கும். அதை அப்படியே சரளமாகப் படிப்பார். டிடிபி வந்ததும் அவருடைய பிரஸ்ஸை மூடிவிட்டார்கள். எந்தத் தொழில் அவருடைய வேலையை எடுத்துக்கொண்டதோ அதே தொழிலில் நான் கடை போட்டேன். ஒரு நாளும் அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை. பழைய எழுத்தில் சிக்கல் என்றதும், "ஏம்மா, அதெல்லாம் என் வீட்டு எழுத்தும்மா" என்று வந்து உட்கார்ந்தார். இன்று வரை உட்கார்ந்திருக்கிறார்.

2019 வாக்கில் வேலை ஒரு தாளத்துக்கு வந்திருந்தது. ஓசிஆர் எடுப்பது, அடிக்கடி வரும் பிழைகளைக் கண்டுபிடித்து மொத்தமாக மாற்றுவது, நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைத் திருத்தியிலும் நாவி சந்திப்பிழைத் திருத்தியிலும் ஒரு சுற்று போட்டு எடுப்பது, கடைசியில் மெய்ப்பு. இந்த இரண்டு கருவிகளுக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். தமிழின் இலக்கணம் தெரிந்த ஒருவர் தமிழுக்காகவே செய்தது என்பது பயன்படுத்தும்போது தெரியும். சந்தேகம் இருந்தால் காட்டும், தானாக மாற்றிவிடாது. இந்தக் குணத்தின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

குரல் தட்டச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூகுளில் அது தமிழுக்கு 2017இல் வந்தது. கண்பார்வை மங்கின ஒரு பெரியவர் தன் நினைவுகளைச் சொல்லச் சொல்ல, அதில்தான் ஒரு முழுப் புத்தகத்தை எடுத்தோம். நிதானமாகச் சொன்னால் நன்றாகவே எழுதுகிறது, பேச்சு வழக்குக்குப் போனால் தடுமாறுகிறது. அவரால் வேறு எந்த வழியிலும் எழுதியிருக்க முடியாது. அந்த ஒன்றுக்காகவே அதைக் கும்பிடுவேன்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. படத்தைக் கொடுத்தால் படித்துச் சொல்லும் ஏஐ செயலிகள் அடுத்த வருடத்திலிருந்து பரவலாகக் கைக்கு வந்தன. நானும் 2024 தொடக்கத்தில் ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கினேன். முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை என்றால் மிகையில்லை. கரையான் அரித்த, மை ஊறி மறுபக்கம் தெரிகிற பக்கத்தை எல்லாம் படித்தது. பழைய ‘லை’யைப் பழகிய ஆள் மாதிரி வாசித்தது. வரி முடிவில் உடைந்த சொற்களை அதுவே ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் பிடிக்கும் பெயரடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) வேலையை ஒரு காலையில் வரைவாகப் போட்டுத் தந்தது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா படிக்குதும்மா" என்றார். அவர் வாயால் அப்படிச் சொல்வது லேசில்லை.

பிழை குறைந்ததால் ஒப்புநோக்குவதைக் குறைத்தோம். அங்கேதான் சறுக்கியது.

அந்த வருடம் ஒரு குடும்பத்தார், தங்கள் தாத்தா எழுதி 1950களில் அச்சிட்ட வாழ்க்கை வரலாற்றை மறுபதிப்புக்குக் கொண்டுவந்தார்கள். 212 பக்கம். ஏஐயில் எடுத்து, திரையில் இரண்டு முறை படித்தேன். ஒரு தடங்கல் இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. பிரிண்ட் அவுட் எடுத்து அவர்களுக்குக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து அந்த வீட்டு மூத்த பெண்மணி, நூலாசிரியரின் மகள், போன் செய்தார்.

"என்னங்க, எங்க அப்பத்தா மெல்ல எந்திரிச்சு வாசத் தெளிச்சாங்கன்னு போட்டிருக்கு. அவங்க மெல்ல எந்திரிக்கிற ஆளே இல்லைங்களே."

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ‘அம்மா வெள்ளென எழுந்து’ என்று இருந்தது. தெற்கே விடியக்காலையில், சீக்கிரம் என்பதற்கு வெள்ளென என்போம். ஏஐக்கு அந்தச் சொல் பழக்கமில்லை போல. தெரியாததைத் தெரியாத மாதிரி விட்டிருந்தால் நான் நின்று பார்த்திருப்பேன். அது பக்கத்தில் இருக்கும் நல்ல தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டது. வாக்கியம் சரி, இலக்கணம் சரி, எழுத்துப்பிழை இல்லை. கோழி கூவுவதற்கு முன் எழுந்து வேலை பார்த்த ஒரு மனுஷி, சோம்பலாக எழுந்தவராகிவிட்டார்.

அன்று சாயங்காலமே சித்தப்பாவை உட்கார வைத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். அவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க, நான் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு நாள் ஆனது. இந்த மாதிரி 41 இடங்கள். ‘கமலை இறைத்தார்’ (மாடு கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பது) என்பது ‘கவலை’ ஆகியிருந்தது. சில ஊர்களில் கமலையையே கவலை என்றும் சொல்வார்கள் என்பதால் அதைக் கண்டுபிடித்த பிறகும் சித்தப்பா ஒரு நிமிடம் யோசித்தார்; ஆனால் ஆசிரியர் எழுதியது கமலை. ‘வெஞ்சனம்’ (சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது) ஓரிடத்தில் ‘வெங்காயம்’ ஆகியிருந்தது. 137ஆம் பக்கத்தில் ஒரு பத்தியே இல்லை. அந்தப் பத்தியும் அடுத்த பத்தியும் ஒரே சொல்லில் தொடங்கின; ஏஐ தாவிவிட்டது. கம்போசிட்டர்களும் இந்தத் தாவலைச் செய்வதுண்டாம். "அதுக்குத்தாம்மா ஒருத்தன் படிக்க ஒருத்தன் பாக்கணும்னு வச்சான்" என்றார் சித்தப்பா.

இதற்கு முன்னால் எத்தனை புத்தகம் இப்படிப் போனது என்ற எண்ணம் வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கு முந்தின எட்டு மாதத்தில் முடித்த மூன்று புத்தகங்களையும் திரும்ப எடுத்து, எங்கள் செலவிலேயே ஒப்புநோக்கினோம். இரண்டில் திருத்தம் இருந்தது. ஒன்று அச்சாகி முடிந்துவிட்டது; பதிப்பாளரிடம் சொல்லி, பிழைதிருத்தப் பட்டியல் அடித்துக் கொடுத்து, பிரதிகளில் செருக வைத்தேன்.

பழைய ஓசிஆர் ‘பதது’ என்று போட்டால் கண் தானாக நிற்கும். பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஏஐ செய்யும் பிழை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. திரையை மட்டும் எத்தனை முறை படித்தாலும் அகப்படாது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் பார்க்க வேண்டும். அதனால் பிழை எண்ணிக்கை குறைந்ததற்கேற்ப மெய்ப்பு வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. முதலில் பலியாவது வட்டார வழக்கும் தொழில் சொற்களும்தான். எந்தச் சொல் அரிதோ, எந்தச் சொல்லுக்காக அந்தப் பழைய புத்தகத்தைப் பாதுகாக்க நினைக்கிறோமோ, அதையே சத்தமில்லாமல் நல்ல பொதுத் தமிழாக்கிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் ஏற்றும் விக்கிமூலத்தில் ஒரு பக்கம், சரிபார்த்து முடிந்தது என்று காட்டும் பச்சை நிறத்துக்கு வர வேண்டுமென்றால் இரண்டு வேறு வேறு ஆட்கள் பார்த்திருக்க வேண்டும். சம்பளம் வாங்காமல் செய்கிறவர்கள் வைத்திருக்கும் அந்த ஒழுங்கு, காசு வாங்கிச் செய்யும் நம் தொழிலில் பல இடங்களில் இல்லை.

காசு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் நான் வாங்கியது டைப்பிங்கும் மெய்ப்பும் சேர்த்துப் பக்கத்துக்கு 20 ரூபாய். ஓசிஆர் பரவியதும் 12 ஆனது. இப்போது வருகிறவர்கள், "ஏஐ போட்டா வந்துருமே, நீங்க சும்மா ஒரு தடவ பாத்துக் குடுங்க, ஆறு ரூபா வச்சுக்குங்க" என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. விரல் செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தது, அதற்குக் கூலி கொடுத்தார்கள். கண் செய்யும் வேலை யாருக்கும் தெரிவதில்லை. டைப் செய்த மூன்று பெண்களும் அன்றைக்கே மெய்ப்புக்குப் பழகியிருக்கலாம். அதற்கான கூலியை நான் கேட்டு வாங்கியிருந்தால் அவர்களில் ஒருத்தியாவது இங்கே இருந்திருப்பாள். இது எனக்கு ஆறாத விஷயம்.

ஏஐயை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. தினமும் பயன்படுத்துகிறேன். இப்போது ஒரே பக்கத்தைச் சாதாரண ஓசிஆரிலும் ஏஐயிலும் தனித்தனியாக எடுத்து, இரண்டையும் கணினியில் ஒப்பிட வைக்கிறேன். வேறுபடும் இடங்கள் எல்லாம் மஞ்சளில் வந்துவிடும். ஓசிஆர் அசிங்கமாகத் தவறினாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் படிக்க முயல்கிறது. அதனால் ஏஐ எங்கே சொந்தமாகப் போட்டது என்பதற்கு அதுவே சாட்சி. மறுபதிப்பு வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். ‘உள்ளதை உள்ளபடி எடு, திருத்தாதே, தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடு’ என்று ஏஐக்கு எழுதிக்கொடுத்தால் ஓரளவு கேட்கிறது. ஒரேயடியாக நம்ப வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் கொடுங்கள்; மொத்தமாகக் கொடுத்தால் தாவுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு சித்தப்பாவோடு உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது இருக்கிறது. காலை பத்திலிருந்து ஒன்று வரை. தொண்டை வற்றினால் நான் படிப்பேன், அவர் திரையைப் பார்ப்பார். ஒரு நாளைக்கு 40 பக்கம் தாண்டுவதில்லை.

இந்த வருடம் பில்லில் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறேன்: ‘மூலத்தோடு ஒப்புநோக்கல், பக்கத்துக்கு 12 ரூபாய்’. எழுத்தெடுப்பது தனி, அது 3 ரூபாய். மூன்று பதிப்பாளர்கள் கணக்குப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போனார்கள். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். வெள்ளென எழுந்த அப்பத்தாவின் பேத்தி, தன் சொந்தக்காரர் வீட்டில் இருந்த கையெழுத்துக் கணக்கு நோட்டுகள் நான்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் தமிழ் எண்ணில்தான் இருக்கிறது.