ஆங்கிலம் புரிந்து படிக்க எது உதவும்: நாளிதழா, பேசேஜ் பயிற்சியா, எளிய கதைப் புத்தகமா, கைப்பேசியா?

ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை நீட்டினால் பல பிள்ளைகள் தடங்கல் இல்லாமல் வாசித்துவிடுகிறார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு “என்னப்பா சொல்லியிருக்கு?” என்று கேட்டால் பதில் வருவதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிற எனக்கு இதைச் சரிசெய்வதுதான் முக்கால்வாசி வேலை. கிருமாம்பாக்கம், பாகூர் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் புதுச்சேரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது இப்போது இன்னும் அவசரம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அதில் பத்தாம் வகுப்பு ஆங்கில எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் 20, முன்பின் பார்த்திராத பகுதிகளைப் படித்துப் பதில் எழுதுவதற்கே போகிறது. மனப்பாடம் அங்கே உதவாது.

எதைப் படிக்க வைக்கலாம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஊரில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் நான்கு. இங்கிலீஷ் பேப்பர் போடுங்கள். பேசேஜ், அதாவது ஒரு பகுதியைப் படித்துக் கேள்விகளுக்கு விடை எழுதும் பயிற்சிப் புத்தகம் வாங்கி தினம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். எளிய கதைப் புத்தகங்கள் கொடுங்கள். அல்லது, போன்தான் இருக்கிறதே, அதிலேயே எல்லாம் வருகிறதே. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பிள்ளைகளுக்கு எளிய கதைப் புத்தகம்தான் சரியான வழி. மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு. ஆனால் அவை முதலில் வரக்கூடாது.

நாளிதழ்

நம் வீடுகளில் பெருமதிப்பு இதற்குத்தான். அந்தக் காலத்தில் ‘தி இந்து’ படித்தே ஆங்கிலம் கற்றதாகச் சொல்லும் பெரியவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் பேப்பரைக் கையில் எடுக்கும்போதே ஓரளவு படிக்கத் தெரிந்தவராக அவர் இருந்திருப்பார்.

நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன், ஒருவர் எத்தனை சொற்கள் தெரிந்திருந்தால் ஒரு பக்கம் புரியும் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பிறர் உதவியில்லாமல் நிம்மதியாகப் படிக்க வேண்டுமென்றால், பக்கத்திலுள்ள சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவரும் உடன் ஆய்வாளர்களும் வந்து சேர்ந்த கணக்கு. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் 2,000 சொற்களும் அவற்றின் திரிபுகளும் தெரிந்த பிள்ளைக்கு நாளிதழில் ஏறக்குறைய எண்பது சதவீதம்தான் தெரிந்ததாக இருக்கும். அதாவது ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாது. ஒரு தலையங்கம் 500 சொல் என்று வைத்துக்கொண்டால் நூறு இடத்தில் தடுக்கும். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு அந்த 2,000 சொல்லே இன்னும் கைவசம் இல்லை. நீச்சல் பழக வந்த பிள்ளையை முதல் நாளே தேவனாம்பட்டினத்துக் கடல் அலையில் இறக்கிவிடுவது போன்றது இது. ஒரு வாரம் அடிக்கோடு போடுவார்கள், நோட்டில் அர்த்தம் எழுதுவார்கள். அப்புறம் பேப்பர் மடித்தபடியே கிடக்கும். “சோம்பேறி” என்ற பட்டம் மட்டும் பிள்ளைக்கு மிஞ்சும். அது நியாயமே இல்லை.

அதற்காக நாளிதழை ஒதுக்கச் சொல்லவில்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே செய்தியை முதலில் தமிழ்ப் பேப்பரில் படித்துவிட்டு ஆங்கிலப் பேப்பருக்குப் போக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி கடலூர் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. அந்த வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, அதைப் பற்றிய ஆங்கிலச் செய்தியில் தெரியாத சொல் பத்து வந்தாலும் பொருள் நழுவாது. எந்த அணை, எந்த ஆறு, எந்த ஊர் என்பதெல்லாம் முன்பே தெரியும். தெரியாத சொல்லின் பொருளை அந்த அறிவே ஊகித்துத் தந்துவிடும்.

1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் பேஸ்பாலுக்குப் பதில் கிரிக்கெட். நேற்றைய ஆட்டத்தை முழுதாகப் பார்த்த பையனுக்கு விளையாட்டுப் பக்கத்தைக் கொடுங்கள். தலையங்கத்தில் முழி பிதுங்கியவன் இதில் கடகடவென்று போவான். ஆக, நாளிதழ் என்றால் மாவட்டச் செய்தியும் விளையாட்டும். தலையங்கம் கல்லூரிக்குப் போனபிறகு படிக்கலாம்.

பேசேஜ் பயிற்சி

ஒரு பகுதி, கீழே கேள்விகள், கடைசிப் பக்கத்தில் விடை. மதிப்பெண் கண்ணுக்குத் தெரிவதால் பெற்றோருக்கும் டியூஷன் எடுப்பவர்களுக்கும் இது பிடிக்கும்.

என் மனத்தாங்கல் இதன்மேல்தான் அதிகம். இதில் பிள்ளைகள் புரிந்துகொள்வதைவிட வேகமாக ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். கேள்வியில் உள்ள ஒரு பெரிய சொல்லைப் பிடித்துக்கொண்டு பகுதிக்குள் அதைத் தேடுவார்கள். எந்த வரியில் அது இருக்கிறதோ அந்த வரியை முழுசாகப் பெயர்த்து எழுதுவார்கள். நேரடிக் கேள்விகளுக்கு இப்படியே மதிப்பெண் கிடைத்தும்விடும். ‘எழுதியவர் இதை ஏன் சொல்கிறார்?’, ‘இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்?’ என்று வந்தால் அங்கே மாட்டிக்கொள்வார்கள். ஏனென்றால் பகுதியைத் தலையிலிருந்து கடைசிவரை அவர்கள் ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள். சிபிஎஸ்இ இப்போது கேட்கும் கேள்விகளில் இத்தகையவை நிறைய.

இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சல் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதால் காய்ச்சல் இறங்காது. பேசேஜ் பயிற்சி அளக்கிறது, வளர்ப்பது குறைவு. ஒரு பகுதி தேனீயைப் பற்றி, அடுத்தது செயற்கைக்கோளைப் பற்றி, அதற்கடுத்தது ஏதோ ஒரு நாட்டின் பொருளாதாரம். ஒன்றில் பார்த்த சொல் அடுத்ததில் வராது. ஒரு புதிய சொல் மனதில் ஒட்ட, வெவ்வேறு இடங்களில் பத்துத் தடவைக்கு மேலாவது எதிர்ப்பட வேண்டும். இங்கே அதற்கு வாய்ப்பே இல்லை.

இது எப்போது பயன்படும்? தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதத்தில். நேரம் வைத்துச் செய்ய, கேள்வியின் போக்கு பிடிபட, எந்த வகைக் கேள்வியில் சறுக்குகிறோம் என்று பார்க்க. அந்த வேலையை இது மிக நன்றாகச் செய்யும். ஜூன் மாதத்திலேயே இதைத் தொடங்குவதால் பலன் இல்லை.

எளிய கதைப் புத்தகம்

இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். “பத்தாவது படிக்கிற பையன் சின்னப் பிள்ளைங்க புத்தகம் படிக்கிறதா?” என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். பையனுக்கும் கூச்சம். அட்டையைப் பார்த்ததும் பையில் மறைத்துக்கொள்வான்.

நான் சொல்வது வெறும் சின்னப் பிள்ளைக் கதை அல்ல. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்களுக்கென்றே, இத்தனை சொற்களுக்குள்தான் எழுதுவது என்று அளவு வைத்து எழுதப்பட்ட படிநிலை வாசிப்பு நூல்கள் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 சொற்களுக்குள் எழுதப்பட்டது. இரண்டாவது 700, மூன்றாவது 1,000; ஆறாவது நிலைக்கு வரும்போது 2,500. துப்பறியும் கதை, பேய்க்கதை, வாழ்க்கை வரலாறு எல்லாம் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளையின் மனதுக்கு ஏற்ற கதை, அவனுக்குக் கைவரும் ஆங்கிலத்தில் இருக்கும்.

இந்த முறை நமக்கு அந்நியமானதும் அல்ல. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலைப் படித்துப் புரிந்துகொள்ளத் திணறுவதைக் கவனித்தார். வரிக்கு வரி அரிய சொற்கள் குவிந்திருப்பதுதான் காரணம் என்று கண்டார். அரிய சொற்களை எடுத்துவிட்டு, புழக்கத்தில் உள்ள சொற்களைப் போட்டு, புதிய சொல்லை இடைவெளிவிட்டு அறிமுகப்படுத்தி, வந்த சொல்லைத் திரும்பத் திரும்ப வரவைத்துப் புத்தகங்கள் செய்தார். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் படிநிலை நூல்களுக்கு அது முன்னோடி. நம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளின் திணறலைப் பார்த்துப் பிறந்த முறை நம் பள்ளி நூலகங்களில் இவ்வளவு அரிதாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒரு மணி நேரத்தை வைத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தலையங்கம் என்றால் டிக்‌ஷனரியோடு மல்லுக்கட்டி ஒன்றை முடிப்பார்கள், 500 சொல். பேசேஜ் என்றால் இரண்டு, கேள்விகளோடு சேர்த்து 1,000 சொல்லுக்குள். எளிய கதையில் நிமிடத்துக்கு 100 சொல் என்ற நிதானமான வேகத்தில் போனாலே 6,000 சொல். முதல் நிலைப் புத்தகம் ஒன்று முடிந்துவிடும். அதில் அடிக்கடி புழங்கும் சொற்கள் நூற்றுக்கணக்கான தடவை கண்ணில் பட்டிருக்கும். எழுத்தைக் கூட்டிப் பார்க்காமல் சொல்லைப் பார்த்ததும் அடையாளம் காணும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. சொல் சொல்லாகத் தடவிப் படிக்கும் பிள்ளைக்கு, வாக்கியம் முடியும்போது அதன் தொடக்கம் மறந்துபோய்விடும். புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த வேகக் குறைவுதான்.

புத்தகம் தேர்ந்தெடுக்க எளிய வழி: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து என்பது இரண்டு சதவீதம். பால் நேஷன் சொன்ன எல்லையும் அதுவே.

குறையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் புத்தகங்களின் விலை சில நூறு ரூபாய். எல்லோராலும் வாங்க முடியாது. கதை மட்டுமே படித்தால், கட்டுரை நடையில் காரணம் சொல்லி, மறுத்து, விளக்கிக்கொண்டு போகும் பகுதிகளுக்குப் பழக்கம் வராது. அதனால் மூன்றாம் நிலை தாண்டியதும் அறிவியல், வரலாறு நூல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர் நூல்கள் மலிவு. ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் வரும் துலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள் ஆறாம், ஏழாம் வகுப்புக்கு நல்லது. டிங்கிள் போன்ற படக்கதை இதழ்களையும் தயங்காமல் கொடுக்கலாம்.

நூலகத்தையும் மறக்க வேண்டாம். புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளையைக் கூட்டிப்போய், அவனையே எடுக்கவிடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் தடிமனான புத்தகமாகத்தான் எடுப்பீர்கள்.

கைப்பேசி

கேமராவை நீட்டினால் பக்கம் முழுக்கத் தமிழில் வந்துவிடுகிறது. அப்போது பிள்ளை படிப்பது தமிழை. ஆங்கிலம் படிக்கப்படவே இல்லை. சொல் சொல்லாக மொழிபெயர்த்துப் பழகினால் இன்னொரு சிக்கலும் சேரும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது, ஆங்கிலத்தில் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழாக்கிப் பார்க்கிறவர்கள் கடைசிக்கு ஓடி, மறுபடி முன்னுக்கு வந்து, நடுவில் இருக்கும் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். ஒரு வாக்கியம் மூன்று தடவை படித்தும் பிடிபடவில்லை என்றால் அதை மட்டும் மொழிபெயர்த்துப் பார்ப்பதில் தவறில்லை.

கைப்பேசியின் நல்ல பயன் வேறு இடத்தில் இருக்கிறது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம், நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள், பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. புத்தகம் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு, ஒலியைக் கேட்டபடியே வரியில் விரல் வைத்துப் படிப்பது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

எந்தப் பிள்ளைக்கு எது

முதலில் எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். பகுதியை நீங்களோ வேறு யாரோ ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும்போது புரிகிறது, தானாகப் படித்தால் புரியவில்லை என்றால் எழுத்தில்தான் சிக்கல். ஒலியோடு சேர்ந்த எளிய கதை வேண்டும். விஷயத்தைத் தமிழில் இரண்டு வரி சொன்னதும் சட்டென்று விளங்குகிறது என்றால் பின்னணி அறிவு போதவில்லை. தமிழ்ப் பேப்பரும் ஆங்கிலப் பேப்பரும் ஜோடியாக வேண்டும். இரண்டும் இல்லாமல் வரிக்கு வரி சொல்லே தெரியவில்லை என்றால் முதல் நிலைப் புத்தகம்தான், எந்த வகுப்பாக இருந்தாலும் சரி. பன்னிரண்டாம் வகுப்பானாலும் கூச்சப்பட வேண்டியதில்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஜூன் முதல் டிசம்பர் வரை தினம் அரை மணி நேரம் எளிய புத்தகம், ஞாயிறு ஒரு நாள் பேப்பர் ஜோடி என்று வைத்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து வாரம் மூன்று பேசேஜ் சேரும், புத்தகம் நிற்காது.

“எங்களுக்கே இங்கிலீஷ் தெரியாதே, எப்படிப் பார்த்துக்கொள்வது?” என்று கேட்கும் அம்மாக்கள்தான் அதிகம். இதற்கு ஆங்கிலம் தேவையே இல்லை. பிள்ளை ஒரு அத்தியாயம் முடித்ததும் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: “அவன் ஏன் அப்படிச் செஞ்சான்? முதல்ல என்ன நினைச்சிருந்தான்? அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிற?” பதில் தடுமாறினால் அந்த இடத்தை மறுபடி படிக்க அனுப்புங்கள்.